கூந்தலில் ஒரு பூ



சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். "ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி எழுதாதே. அதை ஏற்கெனவே நாலு பேரு எழுதியாச்சு" என்று ஒரு நிபந்தனை வேறு. நான் 1971 முதல் 1974 வரை இங்கே பி.ஏ. வரலாறு படித்தவன். ஆகவே வரலாறே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ராஜாக்கள் சண்டை போட்ட வரலாறு இல்லை. ஒரு பெண்ணின் தலையில் இருந்த பூவின் வரலாறு.

2023-ல் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது என் பேத்தி என்னையும் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் இப்போது கல்லூரி மாணவி. திரும்பி வரும் வழியில் கேட்டாள்: "பாட்டா, நந்தினிக்குக் கரிகாலன் மேல ஆசையா, கோபமா? ஒண்ணும் தெளிவாச் சொல்ல மாட்டேங்காளே?"

"கல்கி எழுதின நாவல்லயும் அப்படித்தான் மக்களே. மீன் சின்னம் போட்ட வாளை அவ எடுத்து எடுத்துப் பார்க்கிறதை வச்சுத்தான் நாம புரிஞ்சுக்கிடணும். பனைமரச் சின்னம் போட்ட பல்லக்கு, அதுக்கு ஒரு திரை. அந்தத் திரை அசைஞ்சாத்தான் கதையே அசையும்" என்றேன்.

"ஆசைன்னா ஆசைன்னு வாயைத் திறந்து சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. எதுக்கு வாளு, திரை, மோதிரம், பூவுன்னு சுத்தி வளைக்கணும்?"

அன்றைக்கு நான் பாதி பதில்தான் சொன்னேன். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். அவளுக்கும், இப்போது நம் கல்லூரியில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

பூ பேசும் பேச்சு

முதல் பாதி எளிது. ஆசையை வெளிப்படையாகச் சொல்லாமல் நிலத்தின் மேலும் பூவின் மேலும் ஏற்றிச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், மருதம் என்றால் ஊடல், நெய்தல் என்றால் இரங்கல், பாலை என்றால் பிரிவு. சொல்லுக்குள்ளே இன்னொரு பொருளை ஒளித்துவைப்பதற்குத் தொல்காப்பியம் 'உள்ளுறை' என்று பெயரே வைத்துவிட்டது. பாலை நீங்கலாக மற்ற நான்கு நிலமும் உள்ள மாவட்டம் நம்முடையது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம் அல்லவா? அந்தப் பெருமையில் இதுவும் ஒரு பங்கு.

ஏட்டில் மட்டுமா? கல்யாணப் பேச்சு முடிந்தால் 'பூ வச்சாச்சு' என்கிறோம். தோவாளைச் சந்தையில் விடியுமுன் பிச்சிப்பூ வாங்கி வருகிறவர்கள் வெறும் வாசனைக்காக வாங்குவதில்லை. தலையில் பூ இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் ஒரு பொருள். புருஷன் செத்துப்போனால் ஒரு பெண்ணின் தலையிலிருந்து முதலில் போவது பூதான்.

ஆகவே சினிமா வந்தபோது நம்மவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரெண்டு பூ காற்றில் உரசிக்கொள்ளும், ஒரு வண்டு வந்து உட்காரும், குத்துவிளக்கின் திரி அணையும். தியேட்டரில் இருக்கிற எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். தணிக்கைக்குப் பயந்துதான் இப்படி என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மை ஆகாது. 1933-ல் வந்த 'கர்மா' படத்தில் தேவிகா ராணி முத்தமே கொடுத்திருக்கிறார். நமக்குப் பூ பழகிப்போன பாஷை. அதனால் பூவிலேயே பேசினோம்.

இவ்வளவுதான் பேத்தியிடம் சொன்னேன். இனி மீதி.

சன்னலுக்குப் பின்னால்

இரண்டாமாண்டில் எங்கள் வரலாற்றுத் துறை பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போயிற்று. தக்கலைக்குப் போவதைச் 'சுற்றுலா' என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனாலும் அன்றைக்குக் கட்டுச்சோறு உட்பட எல்லாச் சடங்கும் உண்டு. மார்த்தாண்டவர்மா (ஆட்சி 1729–1758) விரிவாக்கிக் கட்டிய அரண்மனை அது. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூரின் தலை இங்கேதான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பில்தான் இருந்துவருகிறது.

அங்கே நவராத்திரி மண்டபம் உண்டு. கல்தூண்கள், கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரை. ஆட்டமும் பாட்டும் நடக்கிற இடம். அதன் ஓரத்தில் மரத்தாலான ஓர் அடைப்பு, அதில் சின்னச் சின்னத் துவாரங்கள். அரண்மனைப் பெண்கள் உள்ளே உட்கார்ந்து கச்சேரி பார்ப்பதற்கு. அன்றைக்கு ஏதோ ஒரு மகளிர் கல்லூரிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எங்கள் செட்டில் ஒருவன் (பெயர் வேண்டாம், இப்போது பேரன் பேத்தி எடுத்து மதிப்பாக இருக்கிறான்) அந்தத் துவாரத்தில் கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை. எங்கள் பேராசிரியர் பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரியாது.

திட்டு விழும் என்று நாங்கள் எல்லாம் காத்திருந்தோம். அவர் திட்டவில்லை. "நல்லாப் பாத்துக்கிடு. உள்ள நின்னா ஒனக்கு எல்லாம் தெரியும். வெளிய நிக்கவனுக்கு ஒன்னத் தெரியாது. இதுக்குப் பேருதாண்டே அந்தஸ்து" என்றார்.

அப்போது சிரித்தோம். பரீட்சைக்கு வராத பாடம், அதனால் மறந்தும்போனோம். ஆனால் சரித்திரப் படம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வரும். உப்பரிகையில் நின்று பார்க்கிற இளவரசி, மேடையில் ஆடுகிற நாட்டியக்காரி. பார்க்கிற பெண் ஒருத்தி, பார்க்கப்படுகிற பெண் இன்னொருத்தி. ஆசை ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். சன்னல் மட்டும் ஒருத்திக்குத்தான். 1993-ல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' சில பகுதிகள் இதே பத்மநாபபுரத்தில் எடுத்ததுதான். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற நாட்டியக்காரியின் கதை. அவளுக்குக் கிடைப்பது பூட்டின அறையும், எதிர்வீட்டுக் காதலனைப் பார்க்க ஒரு சன்னலும். அந்தக் கதைதான் 2005-ல் 'சந்திரமுகி'யாகத் தமிழ்நாட்டையே ஒரு கலக்குக் கலக்கியது.

மோதிரமும் மீனவனும்

நம் வீட்டுச் சுவர்களில் காலண்டராகத் தொங்கிய படங்களுக்கெல்லாம் மூலவர் கிளிமானூர் ரவிவர்மா (1848–1906). அவரும் நம் பழைய திருவிதாங்கூர்க்காரர்தான். அவருடைய சகுந்தலை காலில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் படத்தில் முள்ளும் கிடையாது, துஷ்யந்தனும் கிடையாது. அவள் கழுத்துத் திரும்பியிருக்கிற விதம் மட்டும் இருக்கிறது. அது போதும், முழுக்கதையும் விளங்கிவிடும்.

'சகுந்தலை' 1940-ல் தமிழில் படமாக வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் ஜோடி. அதில் மீனவராக வந்து சிரிக்க வைத்தவர் நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். கலைவாணர் வந்தால் சிரிப்புத்தான். ஆனால் அந்த மீனவன் கதையைக் காளிதாசன் எப்படி வைத்திருக்கிறான் என்று பாருங்கள்.

ராஜா கொடுத்த மோதிரம் சகுந்தலையின் விரலில் இருந்தவரை அதற்குப் பெயர் காதல். அது ஆற்றில் விழுந்து, மீன் விழுங்கி, மீனவன் கைக்கு வந்ததும் பெயர் மாறிவிடுகிறது. காவலர்கள் அவனைக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். 'உன் கையில் இது எப்படி வந்தது?' என்பதுதான் கேள்வி. மோதிரம் அதேதான். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேறு. ஒரு விரலில் காதல், இன்னொரு கையில் களவு. பிறகு ராஜா சமாதானமாகி மீனவனுக்குப் பரிசு கொடுக்கிறார், அது சரி. பட்ட அடி பட்டதுதானே!

நான் சொல்ல வந்த மீதிப் பாதி இதுதான். ஆசையின் அடையாளங்களைச் சும்மா பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் யார் தலையில் பூ, யார் விரலில் மோதிரம், யாருக்குச் சன்னல் என்று கேட்டுப் பார்த்தால், கதைக்குப் பின்னால் ஊர் நிற்பது தெரியும்.

துணியும் சட்டம், மணியும் சட்டம்

நம் ஊரில் இது வெறும் பேச்சாக இருந்ததில்லை, சட்டமாகவே இருந்தது. யார் தோளில் சீலை போடலாம், எப்படிப் போடலாம் என்பதற்கு அரசாங்கம் உத்தரவு போட்ட நாடு இது. 1822-ல் கல்குளம், இரணியல் பக்கம் மூண்ட தோள்சீலைக் கலகம் மூன்று கட்டமாக 1859 வரை நடந்தது. மார்பை மறைத்துத் துணி போட்டார்கள் என்பதற்காக நாடார் பெண்களைச் சந்தையிலும் வழியிலும் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ல் அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு கொக்கி. துணி போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது!

இந்தக் கொக்கியை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். உடம்பை மறைக்கும் உரிமையைக் கொடுத்த சட்டம், பார்த்தவுடன் 'இவள் இன்னார்' என்று சொல்கிற அடையாளத்தைக் கொடுக்க மறுத்துவிட்டது.

புலையர் பெண்களுக்கு இன்னொரு விதி. கழுத்தில் கல்மணி மாலைதான் போட வேண்டும், தங்கமோ வெள்ளியோ கூடாது. 1915-ல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் அதை எதிர்த்துப் போராட்டம் எழுந்து கலவரமானது. பிறகு கொல்லத்தில் அய்யன்காளி முன்னிலையில் நடந்த கூட்டத்தில் பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்து வீசினார்கள். அந்த வருஷம் திருவனந்தபுரத்தில் நந்தன்கோடு என்ற இடத்தில், அதே சமூகத்தில் பிறந்த ராஜம்மா என்ற சிறுமிக்குப் பன்னிரண்டு வயது.

அந்தப் பூ

ராஜம்மா வளர்ந்து புல் அறுத்துப் பிழைத்தார். காக்காரிசி நாடகத்திலும் நடித்தார். தமிழும் மலையாளமும் கலந்து பாடுகிற, தெற்குத் திருவிதாங்கூருக்கே உரிய நாடகம் அது. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி மாதிரி வேடம் போட்டு வருவார்கள். அவரைத்தான் ஜே.சி. டானியல் தம்முடைய படத்துக்குக் கதாநாயகி ஆக்கினார். படத்தில் அவருக்குப் பெயர் பி.கே. ரோஸி.

டானியல் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினவர், பல் மருத்துவம் படித்தவர். குடும்ப நிலத்தை விற்ற காசில் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். எழுத்து, இயக்கம், கேமரா, கதாநாயகன் எல்லாம் அவரே. படம் 'விகதகுமாரன்', அதாவது காணாமல்போன பிள்ளை. மலையாளத்தின் முதல் படம் என்று வரலாறு எழுதுவது இதைத்தான். முதல் காட்சி 1928-ல் என்று ஒரு சாராரும் 1930-ல் என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். இடம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். அதில் சந்தேகம் இல்லை.

ரோஸிக்கு வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். நாயர் பெண் மாதிரியே உடை, தலையில் பூ. 1859-ல் சட்டம் போட்ட கொக்கி ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கொக்கியை ஒரு புலையப் பெண் கேமராவுக்கு முன்னால் கழற்றிப் போட்டுவிட்டார்.

விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள், அந்தப் பெண் அரங்கத்துக்குள் இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்றார்கள். தம் முகத்தைத் திரையில் பார்க்கத் தமக்கே இடம் இல்லை. நவராத்திரி மண்டபத்தில் பேராசிரியர் சொன்னது இந்த இடத்தில்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

படம் ஓடியது. ஊமைப்படம். காதலை வசனத்தில் சொல்ல முடியாது, பாட்டில் சொல்ல முடியாது. ஆகவே கதாநாயகன் கதாநாயகியின் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. அவள் கன்னத்தைத் தொடவில்லை, கையைப் பிடிக்கவில்லை. சங்க காலத்திலிருந்து நமக்குப் பழகின அதே பாஷை. மரியாதையான, அடக்கமான ஆசை.

சனம் கொதித்துவிட்டது. கல் பறந்தது, திரை கிழிந்தது. பூவை முத்தமிட்டதற்காக வந்த கோபம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதே பூ வேறொரு பெண்ணின் தலையில் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். 'நாயர் பெண்ணாக இவள் எப்படி நிற்கலாம்? இவள் தலைப் பூவுக்கு முத்தமா?' என்பதுதான் அந்தக் கல்லின் அர்த்தம். மீனவன் கையில் மோதிரத்தைப் பார்த்த காவலர்கள் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தானே!

கல்மாலையை அறுத்துப் போட்டுப் பதினைந்து வருஷத்துக்குள் கல் வேறு வழியில் திரும்பி வந்தது. ரோஸியின் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் இரவோடு இரவாக ஓடி, வழியில் வந்த ஒரு லாரியில் ஏறினார். அந்த லாரி வந்து நின்ற ஊர் நாகர்கோவில். லாரி ஓட்டின கேசவ பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டார். பிறகு சினிமாப் பக்கம் போகவில்லை. ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் குடும்பம் நடத்தினார்.

மாறுவேடம் யாருக்குச் செல்லும்?

இதோடு இன்னொரு படத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும். 1933-ல் வந்த 'மார்த்தாண்டவர்மா'. இதுவும் ஊமைப்படம். பி.வி. ராவ் இயக்கியது, ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தது. தயாரிப்பாளர் டானியலுக்கு உறவினர். கம்பெனி நம் நாகர்கோவில் ராஜேஸ்வரி பிலிம்ஸ். ஆக மலையாளத்தின் முதல் இரண்டு படங்களுக்கும் நம் மண்ணில் வேர் உண்டு. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட சரித்திர நாவலே கதை. பத்மநாபபுரம் சுற்றுவட்டாரமெல்லாம் அந்தக் கதையில் வரும்.

கதையில் அனந்தபத்மநாபன் என்ற பெரிய குடும்பத்து வாலிபன் செத்துப்போனதாக ஊர் நம்புகிறது. அவனை நினைத்துப் பாருக்குட்டி உருகுகிறாள். அவன் சாகவில்லை. பைத்தியக்காரச் சாந்நானாக மாறுவேடம் போட்டுத் திரிகிறான். சாந்நான் என்பது அந்தக் காலத்தில் நாடார் சமூகத்துக்கு வழங்கிய பெயர். அந்த வேடத்திலேயே இளவரசரின் உயிரைக் காப்பாற்றுகிறான். கடைசியில் வேடம் கலைகிறது, பாருக்குட்டி கிடைக்கிறாள். வாசகர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ரசித்தவன்தான்.

இப்போது ரெண்டையும் பக்கத்தில் வையுங்கள். மேல்சாதிக்காரன் கீழே இறங்கி வேடம் போட்டால் அது வீரம், காதல், தியாகம். புலையப் பெண் மேலே ஏறி வேடம் போட்டால் அது குற்றம். வேடம் என்றால் வேடம்தானே? அப்படி ஊர் பார்க்கவில்லை. அனந்தபத்மநாபனின் வேடம் கலையும்போது ஒவ்வொருவரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், எல்லோருக்கும் நிம்மதி. ரோஸியின் வேடமோ, 'இந்த உடையும் பூவும் யார் போட்டாலும் பொருந்தும்போல இருக்கே' என்று காட்டிவிட்டது. அந்த உண்மைதான் தாங்க முடியாததாக இருந்தது.

அந்தப் படங்களுக்கு நேர்ந்த கதியும் விசித்திரம். 'விகதகுமார'னின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. காணாமல்போன பிள்ளையின் கதை, தானே காணாமல் போய்விட்டது. 'மார்த்தாண்டவர்மா' நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கிப் பறிமுதல் ஆனது. பறிமுதல் ஆனதே அதற்கு நல்லதாயிற்று. பதிப்பகத்தில் கிடந்த சுருள் 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய ஊமைப்படங்களில் மிஞ்சியிருப்பவை மிகச் சில. அதில் இது ஒன்று.

நாங்கள் படிக்காத வரலாறு

1974-ஐ இரண்டு தடவை சொல்லிவிட்டேன். காரணம் உண்டு. நாங்கள் கடைசி வருஷப் பரீட்சை எழுதிய வருஷம் அது. பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள் பத்து, விளைவுகள் பத்து என்று உருப்போட்டுக்கொண்டிருந்தோம். அகஸ்தீஸ்வரத்தில் டானியல் உயிரோடு இருந்தார். வகுப்புத் தோழன் ஒருவனின் அக்கா கல்யாணத்துக்கு அந்த ஊருக்கே போய், பாயசம் வரைக்கும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஊரில் ஒரு கிழவர் இருக்கிறார், அவரிடம் போய் ரெண்டு வார்த்தை கேட்கலாம் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மறுவருஷம், 1975 ஏப்ரலில் அவர் காலமானார். கேரள அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது 1992-ல்.

ரோஸி விஷயம் அதைவிடப் பெரியது. நாங்கள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன அதே நாகர்கோவில்தான் அவர் வந்து ஒதுங்கின ஊர். வடசேரிச் சந்தையில் என் அம்மா பேரம் பேசி வாங்கும்போது பக்கத்தில் அவர் நின்றிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே அவர் இந்த ஊருக்கு வந்தார். அந்த மௌனத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உயிர் பிழைக்க அவருக்குக் கிடைத்த ஒரே சன்னல் அதுதான்: தான் பிறருக்குத் தெரியாமல் இருப்பது. அரண்மனைப் பெண்களுக்கு அந்தஸ்தாக இருந்தது அவருக்கு ஒளிவிடமானது.

பிறகு காலம் மாறிற்று. 2013-ல் கமல் என்ற மலையாள இயக்குநர் 'செல்லுலாய்டு' எடுத்தார். வினு ஆபிரகாம் எழுதிய 'நஷ்டநாயிகா' நாவலையும் ஆதாரமாகக் கொண்ட படம். பிரித்விராஜ் டானியலாகவும் சாந்தினி கீதா ரோஸியாகவும் நடித்தார்கள். இப்போது ரோஸியின் கதையே ஒரு சரித்திரப் படம் ஆகிவிட்டது! அதில் அந்தப் பூ வரும்போது நமக்குக் காதல் தோன்றுவதில்லை. 'ஐயோ, வேண்டாம்' என்றுதான் வயிறு கலங்குகிறது. ஒரே அடையாளம், எண்பது வருஷத்தில் அதன் பொருள் இப்படித் திரும்பிவிட்டது. 2023 பிப்ரவரி 10-ம் தேதி ரோஸியின் 120-ஆவது பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. சொந்தப் பட விழாவில் உள்ளே உட்கார இடம் இல்லாதவரை அன்றைக்கு வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்.

பேத்திக்கு இப்போது முழுப் பதில் சொல்லிவிடலாம். மக்களே, ஆசையைப் பூவில் சொல்வது அழகான பழக்கம்தான், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் படம் பார்க்கும்போது பூவோடு நின்றுவிடாதே. பூ வைக்க உரிமை கிடைத்தவள் யார், கிடைக்காதவள் யார் என்றும் பார். நந்தினி ஏன் வாளை வைத்திருக்கிறாள் என்று நீ கேட்டாய். அரண்மனைக்குள் பிறந்திருந்தால் அவளுக்கும் பூவும் மோதிரமும் போதுமாக இருந்திருக்கும். அவளை எந்த இடத்தில் நிறுத்திவைத்தார்கள் என்பதற்கு அந்த வாள்தான் சாட்சி.

வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எண்பது தாண்டின ஒரு ஆச்சி இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். முதல் முதலில் எந்தப் படம் பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள், தியேட்டரில் யார் தரையில் உட்கார்ந்தார்கள், யார் பெஞ்சில், என்ன உடுத்தினீர்கள், தலையில் என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள். தேதியைப் போட்டு எழுதிவையுங்கள். எங்கள் செட்டு செய்யத் தவறின வேலை அது. செய்ய முடிந்த காலத்தில், பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தும், தவறவிட்டோம்.

போன மாதம் தோவாளை வழியாக வந்தபோது வழக்கம்போலப் பூ வாங்கினேன். வீட்டுக்கு ஒரு முழம் பிச்சி. கட்டிக்கொடுத்த பெண்ணின் தலையிலும் ஒரு கிள்ளு பிச்சி இருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு சாதாரணமான காட்சி ஆவதற்கு எவ்வளவு பேர் ஓட வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினேன்.

சங்கம் செழிக்கட்டும். அடுத்த சந்திப்பில் பார்ப்போம், நண்பர்களே.